இடப்பக்கத்து விளக்கு

அந்தப் போன் அடிச்சா அடிச்சுக்கிட்டே கெடக்கட்டும் அண்ணாச்சி. நான் எடுக்க மாட்டேன். காலையில இருந்து அவதான் அடிக்கா. நீங்க ஜன்னலோரமே இருங்க, எனக்கு வேண்டாம். வெயில் படாத பக்கமா ஒரு சீட்டு கெடச்சுதே, அது போதும். வெயில் மூஞ்சியில அடிச்சா எனக்குத் தலவலி வந்துரும்.

யாருன்னா கேக்கீங்க? என் ஸ்டூடண்டு. பேச்சியம்மாள்னு பேரு. என்கிட்ட பி.எச்டி. பண்ணுதா. பண்ணுதான்னு இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் சொல்லலாம். அஞ்சு மணிக்கு யுனிவர்சிட்டி ஆபீஸ மூடிருவான். அதுக்குள்ள அவ தீசிஸக் குடுத்தாகணும். கைடு கையெழுத்து இல்லாம எவனும் வாங்க மாட்டான். கைடு யாரு? இந்தா உங்க பக்கத்துல உக்காந்து செம்மணிப்பட்டி விலக்குக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்லா, நான்தான். இன்னைக்கு விட்டா அவ ரிஜிஸ்ட்ரேசனே காலாவதி. நீட்டிச்சு நீட்டிச்சு வாங்கியாச்சு, இனிமே நீட்ட முடியாது. மறுபடியும் ஆனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அப்படிப் பாக்காதீங்க. உங்க மடியில கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருக்கு, நீங்களும் ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்தவரு, உங்களுக்கு அவ மேலதான் எரக்கம் வரும். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் ஓடி ஒளியல. ஓடி ஒளியுதவன் இப்படிப் பட்டப்பகல்ல நாலு பேர் பாக்க பஸ்ஸுல உக்காருவானா? நான் போறது ஒரு ஆணியப் பாக்க.

ஆமா, ஆணிதான். சொல்லுதேன்.

நான் நாடகத் துறையில புரொபசர். வேசம் கட்டுததுன்னு நெனச்சிராதீங்க, அது வேற ஆளுக. நான் ஆராய்ச்சி. மேடைய எப்படி அமச்சாங்க, திரை எங்க தொங்குச்சு, வெளிச்சம் எங்க இருந்து வந்துச்சு, இதுதான் என் சோலி. மேடை வெளிச்சம்னா இந்தப் பக்கத்துல என் பேரத்தான் சொல்லுவாங்க. தற்பெருமைக்குச் சொல்லல, நீங்க யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இந்தத் துறையில இருக்க மாட்டாங்க, சவத்த விடுங்க.

செம்மணிப்பட்டியில ஒரு நாடகக் கொட்டகை. கொட்டகைன்னா ஓலை இல்ல, சுவரு வச்சு ஓடு போட்டது. இப்ப அதுல உர மூட்டை அடுக்கி வச்சிருக்கான். நான் ஆராய்ச்சி மாணவனா இருந்த காலத்துல அங்க போனேன். நாடகம் தொடங்குததுக்கு முந்தி எல்லாரையும் மேடையில அசையாம நிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தேன். ஒரே போட்டோ. நடுவுல ராணி வேசத்துல தங்கபுஷ்பம்னு ஒரு அம்மா. கீழ ஆர்மோனியத்தோட ஆறுமுகக்கனி. ஓரமாக் கொட்டகைக்காரர். மேல ஒரு ஆணியில காஸ் லைட்டு தொங்குது, அந்தக் காலத்துப் பெட்ரோமாக்ஸ். ஊர்ல கரண்டு இருந்துச்சு. ஆனா நாடகத்துக்குக் காஸ் லைட்டுதான் மாட்டுவாங்க, கரண்ட யாரு நம்புதது.

அந்த விளக்கு எந்தப் பக்கம் தொங்குச்சுன்னு நெனக்கீங்க? இடப்பக்கம். உக்காந்து பாக்குத நமக்கு இடம் இல்ல, மேடையில நம்மளப் பாத்து நிக்காங்கல்லா, அவங்களுக்கு இடம்.

இதுல என்ன இருக்குன்னு தோணுதுல்லா? எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். எனக்குத் தோணல, அதனாலதான் நான் புரொபசர். அந்தப் போட்டோவ மேசையில வச்சுக்கிட்டு மாசக்கணக்காப் பாத்தேன். சகல வேலையும் வலக்கையால பாக்குத சனம், விளக்க மட்டும் ஏன் இடப்பக்கம் மாட்டணும்? மண்டையப் போட்டு உடச்சுக்கிட்டேன். ஒருநாள் வீட்டுச் சுவத்துல அர்த்தநாரீசுவரர் காலண்டரப் பாத்தேன். அவ்வளவுதான், உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சிவனோட இடப்பாகத்துல யாரு? அம்பாள். சக்தி. வெளிச்சம் சக்தி இருக்குத பக்கத்துல இருந்து வருது அண்ணாச்சி. நம்ம மேடையே அர்த்தநாரீசுவரர் உடம்பு. நடிக்கவன் வலப்பக்கத்து இருட்டுல இருந்து இடப்பக்கத்து வெளிச்சத்துக்கு நடந்து வாரான். ‘இடவொளிக் கோட்பாடு’ன்னு பேரு வச்சேன். புஸ்தகமா வந்துச்சு. டெல்லியில போயி வாசிச்சேன், ஒரு வெள்ளக்காரி எந்திரிச்சு நின்னு கை தட்டுனா. பாடத்துல வச்சாங்க. இன்னைக்கும் எம்.ஏ. பரிச்சையில அதுல ஒரு கேள்வி கட்டாயம் வரும்.

எத்தன கொட்டகை பாத்தீங்கன்னா கேக்கீங்க? ஒண்ணுதான். மத்ததெல்லாம் அதுக்குள்ள சினிமாத் தியேட்டரா மாறிட்டு, இல்லன்னா இடிஞ்சிட்டு. ஒண்ணு போதும். ஆழமாப் பாத்தா ஒண்ணு போதும்.

இவ எம்.ஏ. படிக்கும்போதே என் புஸ்தகத்தக் கரச்சுக் குடிச்சவ. வாசுதேவநல்லூர்ப் பக்கம். அப்பா லாரி செட்டுல லோடு ஏத்துதாரு. உங்க கீழதான் பண்ணுவேன்னு வந்து நின்னா. எனக்கும் சந்தோசம்தான், இல்லங்கல. என் பிள்ளைகூட என் புஸ்தகத்தத் தொறந்து பாத்ததில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி உலகம்மைகிட்ட, உலகம்மை என் வீட்டுக்காரி, இவதான் எனக்கு அடுத்து இந்தத் துறையத் தூக்கி நிறுத்தப் போறவன்னு சொன்னேன். இந்த வாயால சொன்னேன். கூடவே உக்கார வச்சுச் சோறு போட்டோம்.

போன வருசம் புஸ்தகத்துக்கு வெள்ளி விழா. செம்மணிப்பட்டி மேடைய நம்ம டிபார்ட்மெண்டு ஹால்ல அப்படியே உண்டாக்கிக் காட்டுன்னு அவகிட்ட ஒப்படச்சேன். வேலைன்னு வந்தா அவளக் குத்தம் சொல்லப்படாது. பிளைவுட்டு அறுத்தா, சாக்குல திரை தச்சா, எங்கயோ போயி ஒரு பழைய காஸ் லைட்டத் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தா. விளக்க இடப்பக்கம் மாட்டுனா. போட்டோவுல உள்ள மாதிரியே நிக்கணும்னு அவளே ராணிச் சீலையக் கட்டிக்கிட்டா. ஆர்மோனியத்துக்கு ஒரு வாத்தியார உக்கார வச்சா. அதோட நிறுத்தியிருக்கலாம்லா? நிறுத்தல. ஓடி என் ரூமுக்கு வந்து, "சார், ஒரு நிமிசம் வந்து பாருங்க"ங்கா.

போனேன். மேடைக்குப் பக்கத்துல மேக்கப் போடுததுக்கு ஒரு பெரிய நெலக்கண்ணாடி இருந்துச்சு. என்னயக் கொண்டு அதுக்கு முன்னால நிறுத்துனா. "மேடைய நேராப் பாத்தா போட்டோ மாதிரி வரமாட்டேங்கு சார். முந்தானை மாறுது, ஆர்மோனியக்காரர் கை மாறுது. கண்ணாடியில பாத்தா ஆளுக நிக்கது அப்படியே போட்டோ மாதிரி இருக்கு. விளக்கு மட்டும்தான் பக்கம் மாறித் தெரியுது. அப்பன்னா நாமதான் சார் விளக்க மாத்தி மாட்டியிருக்கோம்." இப்படிச் சொல்லுதா. எல்லாரும் நிக்காங்க. எம்.ஏ. பிள்ளைக நிக்குது, பியூன் நிக்கான்.

புரியுதா அவ என்ன சொல்ல வாரான்னு? போட்டோவே இடவலம் மாறிப் பிரிண்டாகியிருக்காம். ஸ்டுடியோக்காரன் பிலிமத் திருப்பிப் போட்டுட்டானாம். அதனால வலப்பக்கம் இருந்த விளக்கு இடப்பக்கம் தெரியுதாம். என் கோட்பாடு, என் அர்த்தநாரீசுவரர், அந்த வெள்ளக்காரி கை தட்டுனது, எல்லாம் ஒரு ஸ்டுடியோக்காரன் தூக்கக் கலக்கத்துல பண்ணுன காரியம். எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்க.

முந்தானைன்னு அவ சொன்னது என்னன்னா, பொம்பளைக முந்தானைய இடத்தோள்லதான போடுவாங்க. போட்டோவுல தங்கபுஷ்பம் வலத்தோள்ல போட்டிருக்கா. நான் இதப் பாக்காமயா இருந்தேன்? என் புஸ்தகத்துல ஒரு முழு அத்தியாயம் அதுக்குத்தான். விளக்கு இடப்பக்கம் இருக்கதால, அந்தப் பக்கத்துக் கழுத்து நகையெல்லாம் மறையாமத் தெரியணும்னு நடிகைக முந்தானைய மாத்திப் போட்டாங்க. மேடை மரபு. ‘வலத்தோள் முந்தானை’ன்னே தலைப்பு. அந்த அத்தியாயம் எப்படி வந்துச்சு தெரியுமா? கல்யாணமான புதுசுல உலகம்மைதான் அந்தப் போட்டோவப் பாத்துட்டு, "இந்தம்மா ஏன் முந்தானையக் கோட்டிக்காரி மாதிரி மாத்திப் போட்டிருக்கு"ன்னு கேட்டா. மத்தவனா இருந்தா சிரிச்சுட்டு விட்டுருப்பான். நான் உக்காந்து யோசிச்சேன்.

ஆர்மோனியமும் அப்படித்தான். வலக்கையால கட்டையத் தட்டி இடக்கையால துருத்தி போடுவாங்க. போட்டோவுல ஆறுமுகக்கனி இடக்கையால தட்டுதாரு. இடதுகைக்காரர் உலகத்துல இருக்கக் கூடாதா? ‘இடக்கை ஆர்மோனியக் கலைஞர்’னு அவரப் பத்தி எழுதி அவருக்கு ஒரு பேரு வாங்கிக் குடுத்தவன் நான். புஸ்தக வெளியீட்டுக்கு அவரு மகன் வந்தான். "எங்கப்பா சோத்துக் கையாலதான் வாசிப்பாரு சார்"னான். உனக்கு அப்ப என்ன வயசு, நீ என்னத்தக் கண்டன்னு சொல்லி உக்கார வச்சேன். பெத்த அப்பன் எந்தக் கையால வாசிச்சான்னுகூட இந்தப் பயலுகளுக்கு நெனவு இருக்காது.

என்ன, நீங்க நேர்ல பாத்தீங்கல்லா, உங்களுக்கே நெனவு இருக்குமேங்கீங்களா? இருக்கு. நல்லா இருக்கு. கண்ண மூடுனா இப்பவும் தெரியுது. மேடை தெரியுது, தங்கபுஷ்பம் தெரியுது, விளக்கு இடப்பக்கம் தொங்குது. அப்படியே போட்டோவுல இருக்க மாதிரியே தெரியுது. குறிப்பு ஒண்ணும் அப்ப எடுக்கல. போட்டோ எடுத்தவனுக்குக் குறிப்பு எதுக்கு?

அடிக்குது பாருங்க மறுபடியும். வெக்கமே இல்ல.

அதோட விட்டாளான்னா இல்ல. பஸ் ஏறி செம்மணிப்பட்டிக்கே போயிட்டா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம. குடோன்காரன் உள்ள விடல, சரக்கு இருக்குன்னுட்டான். நல்லா வேணும். ஆனா வெளிய சுத்திச் சுத்தி வந்திருக்கா. போட்டோவுல விளக்குக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கதவு இருக்கு, சந்துக்குப் போற கதவு. அந்தக் கதவு மேடைக்கு வலப்பக்கம் இருக்குன்னு வந்து நிக்கா. நான் சொன்னேன், பழைய கதவ அடச்சுட்டுப் புதுசா அந்தப் பக்கம் வச்சிருப்பான், லாரி வந்து நிக்கத் தோதா. "இவ்வளவு சின்னக் கதவுல மூட்டைய எப்படி சார் எறக்குவாங்க?"ங்கா. எல்லாத்துக்கும் ஒரு பதிலு.

இதக் கேளுங்க. தீசிஸ்ல என்ன எழுதியிருக்கா தெரியுமா, விளக்கு ஏன் அந்தப் பக்கம் தொங்குச்சுன்னு? காஸ் லைட்டுக்கு நாடகத்துக்கு நடுவுல காத்து அடிக்கணும்லா. வெளிச்சம் மங்குச்சுன்னா கயித்த விட்டு எறக்கி, சந்துக் கதவு வழியா வெளிய கொண்டு போயி பம்ப் அடிச்சுட்டு, திரும்ப மாட்டணும். அந்த நேரத்துக்குத்தான் கோமாளி வந்து நின்னு பேசுவானாம், ஆளுகளுக்கு இருட்டு தெரியாம இருக்க. அதனால கதவுக்குப் பக்கத்துல மாட்டுனாங்களாம். சக்தி இல்லையாம், தத்துவம் இல்லையாம். காத்து அடிக்கத் தோதா இருந்துச்சாம். இதுக்கா நான் டெல்லிக்குப் போனேன்?

உங்களுக்கு நல்லாப் படுதா அது? படட்டும். உங்களுக்குப் படும். கேக்க லேசா இருக்குல்லா. லேசா இருக்கதெல்லாம் உண்மையாயிருமா?

இதுகூடப் பரவாயில்ல அண்ணாச்சி. கருத்து வேறுபாடு, நாளைக்கு இன்னொருத்தன் வந்து இவளோடத உடைப்பான், அதுதான் ஆராய்ச்சி. எனக்கு வயிறு எரியுதது எதுக்குன்னா, அந்த அடிக்குறிப்புக்கு. பையில தீசிஸ் இருக்கு, வாசிக்கேன் கேளுங்க. ‘இப்படம் ஸ்டுடியோவிலோ அச்சகத்திலோ இடவலம் மாறி அச்சாகியிருக்கக்கூடும். இது பேராசிரியரின் பிழையன்று. அவருடைய நூல் இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.’ கேட்டீங்களா? பிழையன்றாம். எனக்கு மன்னிப்புக் குடுக்கா. லாரியில லோடு ஏத்துதவரு மக எனக்குப் பெரிய மனசு பண்ணுதா. மூஞ்சிக்கு நேரா நீ ஒரு முட்டாள்னு எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமாப் போட்டிருப்பேன்.

சும்மா சொல்லல. ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவச் சாத்திக்கிட்டுச் சொன்னேன். இந்த அடிக்குறிப்ப எடு, இந்த அத்தியாயத்த எடு, விளக்கு இடப்பக்கம்னு எழுது, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரேன். தலையக் குனிஞ்சு அந்த அடிக்குறிப்ப ஒரு தடவ வாசிச்சா. அழுதாளான்னு பாக்கல. அப்புறம் சொல்லுதா, "அடிக்குறிப்ப எடுத்துருதேன் சார். அத்தியாயத்தையும் எடுத்துருதேன். வேற யாருகிட்டயும் இதப் பத்திப் பேசவும் மாட்டேன். ஆனா இடப்பக்கம்னு மட்டும் எழுத மாட்டேன் சார்."

அந்தத் திமிரப் பாத்தீங்களா? எல்லாத்தையும் விட்டுக் குடுக்காளாம், அந்த ஒரு வரிய மட்டும் விட மாட்டாளாம். அந்த ஒரு வரிதான எனக்கு வேணும்?

எழுதாம விட்டாப் போதாதாங்கீங்க. போதாது. அவ எழுதாம விட்டா அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். தெனமும் டிபார்ட்மெண்டுக்கு வருவா, வணக்கம் சார்ம்பா. ஒவ்வொரு வணக்கத்துலயும் அது இருக்கும்.

காலையில உலகம்மைகூட இட்லிய வச்சுக்கிட்டு, "கையெழுத்தப் போட்டுட்டு வந்து சாப்பிடுங்க. பாவம், வாசல்ல வந்து நிக்கா"ங்கா. வீட்டு வாசலுக்கே வந்துட்டா, அப்பனையும் கூட்டிக்கிட்டு. அந்த மனுசன் செருப்பக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு. எனக்குக் கோவம் தலைக்கு ஏறிட்டு. தட்டத் தள்ளிட்டுக் கொல்லைக் கதவு வழியா வந்து ஆட்டோ பிடிச்சேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து யோசிச்சதுல மத்தியானம் ஆயிட்டு. ஓடி ஒளியலைன்னு சொன்னேன்லா, அதுதான் சொல்லுதேன், ஆணியப் பாக்க வந்தேன்.

ஏன்னா நான் நியாயஸ்தன் அண்ணாச்சி. அவ ஒரு கண்ணாடியப் பாத்துட்டுச் சொல்லுதா, ஒரு கதவப் பாத்துட்டுச் சொல்லுதா. நான் நேரா உள்ள போயி ஆணியவே பாத்துருதேன். கருங்கல் தூண்ல அடிச்ச இரும்பு ஆணி, அத எவனும் புடுங்கியிருக்க மாட்டான். புரொபசர்னு சொன்னா குடோன்காரன் என்னய விடுவான். ஆணி இடப்பக்கம் இருந்துச்சுன்னா அவ கத முடிஞ்சுது. வலப்பக்கம் இருந்துச்சுன்னா, அங்கன நின்னுக்கிட்டே ஹெச்.ஓ.டி.க்குப் போனப் போட்டு, எனக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்கன்னு சொல்லிருவேன். அதுக்கு ரூல் இருக்கு. மணி இப்பத்தான் மூணு, நேரம் கெடக்கு. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்யணும்?

போட்டோவப் பாக்கணுமா? இந்தாங்க, பாருங்க. மூலையப் பிடிங்க, நடுவுல விரல் வைக்காதீங்க. இதான் தங்கபுஷ்பம். இது விளக்கு.

என்னது? கொட்டகைக்காரருமா?

ஆமா, வலக்கையிலதான் வாச்சுக் கட்டியிருக்காரு. சட்டப் பையும் வலப்பக்கம்தான் இருக்கு. அதுக்கு என்ன இப்ப? சில பேரு அப்படிக் கட்டுவாங்க. தையக்காரன் மாத்தித் தச்சிருப்பான். ஊரே இடதுகைக்காரவுக போலங்கீங்க. சிரிக்காதீங்க அண்ணாச்சி. ஒரு மனுசனோட ஆயுசு கெடக்கு அதுல. குடுங்க இங்க.

நான் உங்களக் கோவிச்சுக்கிடல. பத்திரிகை வைக்கப் போற எடத்துல உங்க மனசு கெடக்கூடாது. கேளுங்க, என்ன கேக்கணும்?

நெகட்டிவா? இருக்கு. அந்தப் பிலிமு பத்திரமா இருக்கு. சட்டப் பையிலதான் வச்சிருக்கேன், இந்தப் பட்டர்பேப்பர் உறையில. இன்னைக்குக் காலையில பீரோவுல இருந்து எடுத்தேன்.

தெரியும். அதப் பாத்தாலே தெரிஞ்சுரும்னு எனக்குத் தெரியாதா? பிலிம் ஓரத்துல பொடி எழுத்து இருக்கும். அந்த எழுத்து நேராத் தெரியுத மாதிரி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா, விளக்கு எந்தப் பக்கம் இருக்கோ அதுதான் நெசம். சின்னப் பிள்ளைகூடப் பாக்கலாம். பேச்சியம்மாளும் இதத்தான் கேட்டா, நெகட்டிவ் இருக்கா சார்னு. தொலஞ்சு போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ கையில குடுத்தா அவ தனக்குத் தோதாத் திருப்பிப் பிடிப்பா.

நான் பாக்கலையா? வீட்ல டியூப்லைட்டு மங்கலா எரியுது. டிபார்ட்மெண்டுல யாராவது வந்துருவாங்க. எனக்குக் கண்புரை வேற ஆரம்பம். அதோட, ஒரு பிலிமத் தூக்கிப் பிடிச்சுப் பாத்து முடிவெடுக்கது ஆராய்ச்சி இல்ல. களத்துக்குப் போகணும். அதனாலதான பஸ் ஏறியிருக்கேன்.

இப்பப் பாக்கலாமேங்கீங்களா? இங்கயா? வெயில் அந்தப் பக்கம்லா அடிக்கு.

ரோடு திரும்பிட்டோ. ஆமா, இந்தப் பக்கம்தான் வந்துட்டு. உங்க வேட்டியெல்லாம் வெயிலு.

வேண்டாம் அண்ணாச்சி. கைய எடுங்க. பஸ் குலுக்குத குலுக்கல்ல கீறல் விழுந்துட்டா யாரு பொறுப்பு? உலகத்துலயே இருக்கது இந்த ஒண்ணுதான். நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுதீங்க, எனக்குத் தெரியும். உறை பைக்குள்ளயே இருக்கட்டும். அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்கி விடுங்க. கண்ணு கூசுது.

என்ன சொல்லுதாரு கண்டக்டர்? செம்மணிப்பட்டி விலக்கா? அதுக்குள்ளயா?

இருங்க, இருங்க. விசில் அடிக்காதீங்க தம்பி. யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அந்தா தெரியுது பாருங்க அண்ணாச்சி, புளியமரத்துக்கு அங்கிட்டு ஓட்டுக் கூரை, அதுதான் கொட்டகை. வாசல்ல லாரி நிக்கு. மூட்டை எறக்குதான் போல. கதவெல்லாம் தொறந்துதான் கெடக்கு.

வேல நடக்கும்போது போயி நின்னா தொந்தரவால்லா நெனப்பான். தூசி வேற. உரத் தூசி எனக்கு ஆகாது, மூச்சு முட்டிரும். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடவும் இல்ல, வெறும் வயித்தோட போயி மயக்கம் போட்டு விழுந்துட்டா? இன்னொரு நாள் வருவோம். ஆணி எங்க ஓடிரப் போகுது. இத்தன வருசம் அங்கதான இருக்கு.

இல்ல தம்பி, எறங்கல. நீங்க போகலாம். சங்கரன்கோவில் ஒண்ணு குடுங்க. ஆமா, மேல எவ்வளவோ போட்டுக்கிடுங்க.

நீங்க ஏன் என்னயவே பாத்துக்கிட்டு இருக்கீங்க? கோமதி அம்மனக் கும்பிட்டு எவ்வளவோ நாளாச்சு, இவ்வளவு தூரம் வந்துட்டு அம்பாளப் பாக்காம எப்படிப் போறது. பத்திரிகையக் குடுங்க, பிள்ளை பேரப் பாப்போம். நல்ல பேருதான். எம்.காம். படிச்சிருக்கா, சந்தோசம். மேல ஆராய்ச்சி அது இதுன்னு அனுப்பிராதீங்க. நான் சொல்லுதேன்னு வச்சுக்கிடுங்க.

கவனிச்சீங்களா? போன் அடிக்கவே இல்ல. கொட்டகையத் தாண்டுனதுல இருந்து அடிக்கல. எடுத்துப் பாக்கேன், சார்ஜெல்லாம் இருக்கு, டவரும் இருக்கு. மூணரைகூட ஆகல, அதுக்குள்ள நிறுத்திட்டா. பாத்தீங்களா அண்ணாச்சி, இவ்வளவுதான் இந்தப் பிள்ளைகளோட பொறுமை.